நாட்டுப்பாட்டைக் கேட்டவர்கள் எங்கே போனார்கள்?

சதுரங்கப்பட்டினம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிற ஊர். கடற்கரையில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை, பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம், எதிரே வங்கக்கடல். ரேடியோ கேட்க இதைவிடத் தோதான இடம் அமைவது அரிது. மத்திய அலை தரைமேல் போவதைவிட உப்புத் தண்ணீர்மேல் வெகுதூரம் வலுக்குறையாமல் போகும். அதனால் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை, 1215-இல் புதுச்சேரி, சிற்றலைக்கு மாற்றினால் இலங்கை என்று மூன்று இடத்தின் குரலும் ஒரே பெட்டிக்குள் கிடைத்தது. டிரான்சிஸ்டர் காலத்தில் இந்தக் கரையோரக் குப்பங்களில் இருந்தவர்கள் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தியே நாடு விட்டு நாடு போய்வந்தார்கள்.

அந்தப் பெட்டியில் தெம்மாங்கும் தாலாட்டும் வில்லுப்பாட்டும் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. இன்று இதே கரையில் எஃப்.எம். போட்டால் காலையிலிருந்து நள்ளிரவு வரை சினிமாப் பாட்டுதான். கிராமத்துப் பாட்டு வேண்டுமென்றால் அது சினிமா வேஷம் கட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். நாட்டுப்பாட்டு அழிந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. பாட்டு இருக்கிறது, பாடுகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்பவர்கள் முன்னைவிடப் பெருகியிருக்கிறார்கள். மாறியது நடுவில் நிற்கிற வாசல். அந்த வாசலை யார் திறந்தார்கள், யார் மூடினார்கள் என்பதைச் சொன்னால்தான் கேட்டவர்களின் கதையும் விளங்கும்.

ரேடியோ வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத்துப் பாட்டுக்குத் தனியாகக் கேட்பவர் என்று யாரும் கிடையாது. கரையில் நின்று பெரிய வலையை இழுப்பவர்கள் கை ஒன்றுசேர அம்பா பாடினார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுத்துக்கொண்டே பதில் கொடுப்பார்கள். செங்கல்பட்டு ஏரிகளின் சீமை. ஏரித் தண்ணீர் வற்றும் மாதங்களில் கிணற்றில் ஏற்றம் இறைத்தார்கள், இறைத்த சால்களைப் பாட்டிலேயே எண்ணினார்கள். நடவுக்கு ஒரு பாட்டு, சாவுக்கு ஒப்பாரி, அம்மனுக்குப் பம்பையும் உடுக்கையும், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்து. பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே ஆள். அல்லது தோளோடு தோள் நிற்கிற அடுத்த ஆள்.

பம்பு செட் வந்ததும் ஏற்றப்பாட்டுக்கு வேலை போய்விட்டது. கட்டுமரத்தில் மோட்டார் ஏறி, பிறகு கட்டுமரமே ஃபைபர் படகுக்கு இடம் கொடுத்ததும் அம்பாவும் ஒடுங்கியது. இஞ்சின் சத்தத்தில் யார் பாடுவது, யார் கேட்பது? ரேடியோ கிராமத்துக்குள் வந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். பாட்டுக்கு ஆதாரமாக இருந்த வேலை மறையத் தொடங்கிய நேரத்தில், வேலை இல்லாமலும் பாட்டைக் கேட்க ஒரு கருவி கைக்கு வந்தது. வெறுங்கையோடு உட்கார்ந்து கேட்கிற நேயர் என்கிற புதுப் பிறவி அங்கேதான் உண்டானார்.

சென்னை ரேடியோவின் பிறப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கினார். பணமில்லாமல் அது 1927-இல் நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது, அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி. கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ வைத்தார்கள். ஒரு சிறு அறையில் பெட்டி, வெளியே குழாய் ஸ்பீக்கர், சாயங்காலம் அதைப் போட்டுவிட ஒரு ஆள். அந்த ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தவர்கள்தான் தமிழ்நாட்டின் முதல் கிராமத்து நேயர்கள்.

அவர்கள் எவ்வளவு கூர்ந்து கேட்டார்கள் என்பதற்கு ஒரு நெல்லே சாட்சி. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது ரகத்தைப் பற்றித் தஞ்சைப் பகுதி விவசாயிகள் திருச்சி வானொலியில்தான் கேட்டார்கள். ஊரில் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. வானொலியில் சொன்னதை நம்பி ஒரு வட்டாரமே விதையை மாற்றியிருக்கிறது. இப்படிப்பட்ட நேயரை இன்றைக்கு எந்த நிலையம் வைத்திருக்கிறது?

இந்த நம்பிக்கைக்கு வானொலி முழுதாகக் கைம்மாறு செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. சாஸ்திரிய சங்கீதத்தின் கமகத்துக்கு அந்தப் பெட்டி ஒத்துவராது என்பது காரணம். சரி, கச்சேரிக்கு ஒத்துவராமல் போகட்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துக்கு ஆர்மோனியம்தான் சுருதி, அதுதான் பின்பாட்டுக்குத் துணை. ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் இல்லாமல் கூத்து ஏது? கச்சேரியை மனதில் வைத்துப் போட்ட சட்டம் கூத்துக்காரரின் கழுத்திலும் விழுந்தது. மேலே இருந்தவர்களுக்குக் கீழே ஒரு இசை இருப்பது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த அடியை 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் கொடுத்தார். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அவர் காலத்தில் அது வானொலியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றப்பட்டது. கேட்பவர்கள் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய வலுவான சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் ரேடியோ சிலோனுக்கு வந்து சேர்ந்திருந்தது. இந்தியில் அமீன் சயானி. தமிழில் எஸ்.பி. மயில்வாகனன், அவருக்குப் பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இவர்கள் குரல் சொந்தக்காரர் குரல்போல் பழகிவிட்டது. 1957-இல் டெல்லி இறங்கி வந்து விவித் பாரதி தொடங்கியது. அதற்குள் ஒரு தலைமுறையின் காது கொழும்புப் பக்கம் போயிருந்தது.

ரேடியோ சிலோனின் பெருமை பாட்டில் மட்டும் இல்லை. அவர்கள் ஊர்ப் பெயரை வாசித்தார்கள். அஞ்சலட்டையில் விருப்பம் எழுதிப் போட்டால் எழுதியவர் பெயரும் ஊரும் கடல் தாண்டி ஒலித்துத் திரும்பி வரும். விவித் பாரதியும் நேயர் விருப்பத்தில் இதைக் கற்றுக்கொண்டது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்கூட அழகான கையெழுத்தில் வாரம் தவறாமல் அட்டை எழுதினார்கள். நேயர் மன்றம் வைத்தார்கள். பாட்டை யார் கேட்டார், எந்த ஊரில் கேட்டார் என்பது பாட்டுக்குச் சமமான செய்தியாக இருந்தது. இலங்கையிலிருந்து இன்னொன்றும் வந்தது. பைலா தாளத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகள், யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டவை. சினிமா துணையில்லாமலே தமிழில் ஒரு பாட்டு ஊரெல்லாம் பரவும் என்று காட்டியவை அவை.

கேஸ்கர் காலத்து வானொலியைக் குறை சொன்ன வாயால் ஒன்றைப் பாராட்டவும் வேண்டும். சினிமாவை வெளியே நிறுத்தியதால் காலியான நேரத்தில் கொஞ்சம் கிராமத்துக்கும் கிடைத்தது. வயல் நிகழ்ச்சிகளுக்கு இடையே கிராமியப் பாடல்கள் வந்தன. குரல் தேர்வு வைத்து, தரம் போட்டு, சம்பளக் காசோலை கொடுத்து நாட்டுப்புறக் கலைஞர்களை அழைத்தார்கள். சிவகங்கைச் சீமைக் கொல்லங்குடியின் கருப்பாயி எழுத்து நடுவே வளர்ந்தவர் அல்ல; அவர் பாட்டு வானொலி வழியாகத்தான் ஊரைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் பாண்டியராஜனின் ‘ஆண் பாவம்’ (1985) அவரைத் திரைக்குக் கொண்டுபோனது. சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டை வானொலிக்கு ஏற்ற வடிவில் பழக்கினார். மதுரையின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவர் நவநீதகிருஷ்ணனோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்துப் பாடினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்கள் யாருக்கும் வானொலிக்குள் நுழையப் படத்தயாரிப்பாளரின் தயவு தேவைப்படவில்லை. பெண் குரல்கள் எத்தனை என்பதையும் கவனிக்க வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் நடவும் பெண்களிடம் இருந்தவை. வானொலி அவற்றைப் பெண்களிடமே கேட்டு வாங்கியது.

1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து அலைந்த தம்பி இளையராஜாவின் முதல் படம். வயல் மெட்டு மேல்நாட்டு வயலின் கூட்டத்தோடு சேர்ந்து ரேடியோவில் ஒலித்தபோது, தங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்ட ஓசையை நாடே கேட்கிறது என்ற பூரிப்பு கிராமத்து நேயர்களுக்கு ஏற்பட்டது. அந்தப் பூரிப்பு நியாயமானது. தமிழ்ச் சினிமா இசை அதற்குமுன் கிராமத்தைத் தொடவில்லை என்றில்லை. இவ்வளவு உள்ளே போனதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கணக்கும் மாறியது. கிராமத்துப் பாட்டு வேண்டுமா, சினிமாவிலேயே இருக்கிறதே என்று நிலையங்கள் நினைக்க ஆரம்பித்தன. மெட்டு உள்ளே வந்தது, அந்த மெட்டைப் பாடிய கிழவி வாசலிலேயே நின்றாள்.

எப்போதாவது அவளையும் அழைத்தார்கள். ‘காதலன்’ (1994) படத்தின் ராப் பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீது குரல்களோடு தேனி குஞ்சரம்மாள் குரலைச் சேர்த்தார் ஏ.ஆர். ரகுமான். மாநகரத்து ராப்பும் கிராமத்து ஏச்சும் ஒரே குடும்பம் என்று அந்தப் பாட்டு நிரூபித்தது. எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்க வேண்டிய விஷயம். ‘தூள்’ (2003) படத்தில் பரவை முனியம்மா. ‘காதலில் விழுந்தேன்’ (2008) படத்தில் சின்னப்பொண்ணு. ஒவ்வொருவரும் பல ஆண்டுகள் கோயில் கொடைகளிலும் கலை இரவுகளிலும் பாடிப் பழுத்தவர்கள். நகரத்து நேயர் அவர்களை ஒரே ஒரு பாட்டால் அறிந்தார்.

இதற்கு நடுவில் கேசட் வந்து ஒரு பத்து இருபது ஆண்டுகள் வேறொரு பாதையைத் திறந்து வைத்திருந்தது. புஷ்பவனம் குப்புசாமி, அனிதா குப்புசாமி, தன்னானே கலைக்குழுவின் கே.ஏ. குணசேகரன் இவர்களை வானொலியைவிடக் கேசட்தான் வீடுவீடாகச் சேர்த்தது. குணசேகரன் பறையோடு சாதிக் கொடுமையைப் பாடினார். அதை எந்த நிலையம் அன்றாடம் ஒலிபரப்பியிருக்கும்? தலித் இயக்க மேடைகளும் டேப் ரெக்கார்டர்களும்தான் அவருக்கு ஒலிபரப்பு.

பிறகு எஃப்.எம்.

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில்தான் தொடங்கியது. அப்போது அதைக் கேட்கிற பெட்டி வைத்திருந்தவர்கள் சொற்பம். உண்மையான மாற்றம் தனியாருக்கு அலைவரிசை ஏலம் விட்டபோது நேர்ந்தது. முதல் சுற்று ஏலத்தில் கேட்ட தொகையைக் கட்டுவதோடு, ஆண்டுக்கு 15 சதவீதம் உரிமக் கட்டணம் கூடிக்கொண்டே போகும் என்பது நிபந்தனை. 2005-இல்தான் அது வருமானத்தில் பங்கு என்று மாறியது. 2003-இல் சென்னையில் சூரியன், மிர்ச்சி, 2006-இல் ஹலோ என்று நிலையங்கள் வந்தபோது அவற்றின் தலையெழுத்தை அந்தக் கட்டணமும் விளம்பரமும் எழுதிவிட்டன. அப்போது செய்தி சொல்ல அனுமதி கிடையாது. மிச்சம் இருப்பது பாட்டும் பேச்சும். பாட்டு என்றால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டு, அதாவது இந்த மாதத்துப் படத்தின் பாட்டு. நிலையத்துக்காரர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. கட்டணம் கட்ட வேண்டியவர் அம்பாப் பாட்டைப் போட்டுப் பரிசோதிக்க மாட்டார்.

கேட்பவரை எண்ணுகிற முறையும் மாறியது. அஞ்சலட்டைக்குப் பதிலாகக் கணக்கெடுப்பு வந்தது. 2007-இல் தொடங்கிய ரேடியோ நேயர் கணக்கெடுப்பு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நகரங்களைப் பார்த்தது. சென்னையே அந்தப் பட்டியலில் இல்லை என்றால் சதுரங்கப்பட்டினம் எங்கே வரும்? விளம்பரதாரருக்குத் தெரிகிற நேயர் காரில் போகிறவர், கையில் செலவழிக்கக் காசு இருக்கிறவர். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் வரிசைகட்டிய ஆண்டுகளும் இவைதான். நேயர் களத்துமேட்டிலிருந்து போக்குவரத்து நெரிசலுக்கு இடம்பெயர்ந்தார். அதே சமயத்தில், 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க, கிராமத்து வீட்டில் ரேடியோ பெட்டி பரணுக்குப் போனது. நகரத்து நேயர் நிலையத்துக்குக் கிடைத்தார், கிராமத்து நேயர் நிலையத்தைவிட்டுப் போனார். யாரும் யாரையும் விரட்டவில்லை, ஆனால் இரண்டும் சேர்ந்து நடந்தது.

இந்தக் கரையில் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு இது காதிலேயே தெரியும். மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போகப் போகச் சென்னை எஃப்.எம். அலை மெலியும், இரைச்சல் கலக்கும், அப்புறம் புதுச்சேரிப் பக்கத்து அலை தலைகாட்டும். ரெண்டு நகரங்களின் எச்சில் அலை வந்து விழுகிற இடம் இது. இங்கேயிருந்து கிளம்புகிற அலை எது?

இதே கதை அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஒப்பிட்டால் நமக்கும் வெளிச்சம் கிடைக்கும். அங்கே கிராமத்து இசைக்குக் கன்ட்ரி என்று பெயர். நாஷ்வில் நகரத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி தன் வானொலியில் 1925 நவம்பரில் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. கிராண்ட் ஓல் ஆப்ரி என்று பெயர் பெற்று இன்றும் நடக்கிறது. பாலிசி வாங்கக்கூடிய பண்ணைக்காரர்களும் மில் தொழிலாளர்களும்தான் அதன் நேயர்கள். தொடக்க காலத்தில் அதன் நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர், மவுத்தார்கன் வாசித்தவர். 1941-இல் அவரை வெளியேற்றினார்கள். அதன்பிறகு கன்ட்ரி என்றால் வெள்ளையர் இசை என்றே பல பத்தாண்டுகள் சந்தைப்படுத்தினார்கள், அதன் பாஞ்சோ வாத்தியம் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்தது என்பதை மறந்துவிட்டு.

1996-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் எத்தனை நிலையங்களை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று நாடளவிலான வரம்பை நீக்கியது. கிளியர் சேனல் என்ற ஒரு நிறுவனமே ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களைச் சேர்த்துக்கொண்டது. ஊர் அறிவிப்பாளர் எடுத்த முடிவை எங்கோ இருக்கிற அலுவலகம் எடுத்தது. 2003-இல் டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாடகி ஈராக் போரையொட்டி அதிபர் புஷ்ஷை விமர்சித்ததும் நாடு முழுக்க நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. 2013 வாக்கில் சரக்கு, பிக்கப் லாரி, பெண் என்று மூன்றையே சுற்றிச் சுற்றி வரும் ஆண் பாட்டுகள் நிலையங்களை நிரப்பின. 2015-இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், நேயர் கணக்கு உயர வேண்டுமானால் பெண் குரல்களைக் குறையுங்கள், அவர்கள் சாலட்டில் போடும் தக்காளி மாதிரி என்று சொல்லப்போக, பெரிய சண்டையே நடந்தது.

2013. நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் அதே ஆண்டுகளில் என்ன ஓடியது? 2011 இறுதியிலிருந்து காதல் தோல்விப் பாட்டும், டாஸ்மாக் மேசைப் பாட்டும். கானாவை அந்த மேசையில் உட்காரவைத்ததுதான் பெரிய கொடுமை. வட சென்னையில் கானா சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடியது. இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி அழவும் சிரிக்கவும் வைத்தது, உழைக்கிற தலித் மக்களின் நாளேடாக இருந்தது. இசையமைப்பாளர் தேவா அதைத் திரைக்குக் கொண்டுவந்தார், கானா உலகநாதன் ‘சித்திரம் பேசுதடி’யில் (2006) பாடினார், கானா பாலா ‘அட்டகத்தி’யில் (2012). மூவருமே அந்த மண்ணை அறிந்தவர்கள். ஆனால் நிலையங்கள் மீண்டும் மீண்டும் கேட்டது ஒரே வகை: ஏமாந்த ஆண், திட்டு வாங்கும் பெண், நடுவில் பாட்டில். மரணத்தைப் பாடிய கானாவுக்கு எஃப்.எம்.மில் நேரம் கிடையாது. கன்ட்ரிக்கும் கானாவுக்கும் கடல்கள் நடுவே கிடக்கின்றன, ஆனாலும் விளம்பரத்துக்கு விற்கிற நிலையம் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தது.

அமெரிக்காவில் உடைப்பு வெளியிலிருந்து வந்தது. 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இணையத்தில் போட்ட பாட்டு கன்ட்ரிப் பட்டியலில் ஏறியதும், அதில் போதுமான கன்ட்ரி அம்சம் இல்லை என்று பட்டியலை வெளியிடும் பில்போர்டு இதழ் அதை நீக்கியது. அந்தப் பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2024-இல் பியான்சே கன்ட்ரி ஆல்பம் வெளியிட்டார். ஓக்லஹோமாவில் ஒரு நிலையம் முதலில் அவர் பாட்டைப் போட மறுத்து, நேயர்கள் கூச்சல் போட்டதும் போட்டது. கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர். அதே ஆண்டு, நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஷபூசியின் பாட்டும் பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது, இம்முறை கன்ட்ரி நிலையங்களும் அதைத் தாராளமாகப் போட்டன. ஐந்தே ஆண்டில் வாசல் இவ்வளவு திறந்ததற்குக் காரணம் நிலையங்களின் மனமாற்றம் அல்ல. நேயர்கள் கைபேசி வழியே வேறு பாதையில் போய்ப் பாட்டைக் கேட்டுவிட்டார்கள், நிலையங்கள் பின்னால் ஓடி வந்தன.

இங்கேயும் அப்படித்தான். 2007 பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைகளைப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டுவந்து, மாநகரத்துக்குப் பறையின் நேரடி ஓசையைக் காட்டியது. சில ஆண்டுகள் நின்று, 2023-இல் மறுபடி நடந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது கானா தன் பழைய கோபத்தோடு வந்தது. அதே ஆண்டு விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கரில் செந்தில் கணேஷ் வென்றார். துணைவி ராஜலட்சுமியோடு அவர் பாடியது நாட்டுப்புறப் பாட்டு, வாக்களித்தது வீட்டில் இருந்தவர்கள். கணக்கெடுப்பில் வராத நேயர் தன்னைத் தானே எண்ணிக் காட்டிய தருணம் அது.

2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடியது, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. படமில்லை, கதாநாயகன் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதியது, ஒப்பாரியின் இழை அதில் ஓடுகிறது. யூடியூபில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். சினிமா வேஷம் இல்லாமல் ஒரு நாட்டுப்பாட்டு இவ்வளவு தூரம் போனதே போதும் என்று நினைக்கும்போது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசை இதழ் அட்டையில் அறிவின் முகம் இல்லாததைப் பலர் கண்டித்தார்கள். பாட்டை ஏற்றுக்கொள்வதும் பாடியவரை ஏற்றுக்கொள்வதும் ஒன்றாக நடப்பதில்லை. டிஃபோர்ட் பெய்லிக்கு நேர்ந்ததையும், வாசலில் நின்ற கிழவிகளையும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

செங்கல்பட்டுக் கரைக்கே திரும்புவோம். மாசி மகப் பௌர்ணமிக்கு இருளர் மக்கள் நாலா பக்கத்திலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். கன்னியம்மனைக் கும்பிட்டு, மணலில் தங்கி, பாடி ஆடி, விடியலில் கல்யாணங்களும் நடத்துகிறார்கள். அங்கே பாடப்படுவது எந்த வானொலியின் பட்டியலிலும் இல்லை. ஆனால் இப்போது கூட்டத்தில் பாதிப்பேர் கையில் கைபேசி ஏந்திப் பதிவு செய்கிறார்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்து ஜமாக்களின் விடிய விடிய நாடகங்கள் முழு நீளத்தில் யூடியூபில் கிடைக்கின்றன. எட்டு மணி நேரக் காட்சிக்குக் கீழே, துபாயில் இருக்கிறேன், எங்கள் ஊர்த் திருவிழாவைப் பார்த்தேன் என்ற வகையில் எழுதுகிறார்கள். பெயரும் ஊரும் எழுதுகிறார்கள். அஞ்சலட்டை நேயர் செத்துப்போகவில்லை.

ஆகவே ரேடியோ இனித் தேவையில்லை என்று சிலர் முடிவுகட்டலாம். அது தவறு. யூடியூப் ஏற்கெனவே தேடத் தெரிந்தவருக்குக் கொடுக்கிறது. படகில் இருக்கிறவருக்கு, மீன் காயவைக்கிறவருக்கு, கைவேலையை விடாமல் காதை மட்டும் கொடுக்கக் கூடியவருக்கு இன்றும் ரேடியோவைவிடப் பொருத்தமான துணை இல்லை. ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26-இல் இந்தக் கரையைத் தாக்கியபோது எச்சரிக்கைக் குரல் எதுவும் வரவில்லை என்பதைக் குப்பங்கள் மறக்கவில்லை.

சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆழிப்பேரலை வந்த அதே 2004-இன் பிப்ரவரியில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி நாட்டிலேயே முதலாவதாக வந்தது. 2006 இறுதியில் தொண்டு நிறுவனங்களும் தொடங்கலாம் என்று கொள்கை விரிந்தது. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி, பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே கடல் ஓசை 90.4. இப்படிப்பட்ட நிலையத்துக்கு 100 வாட் போதும். சுற்றுவட்டாரத்தில் சில கிலோமீட்டர் வரை கேட்கும். நிகழ்ச்சியில் பாதியையாவது உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும் என்பது விதி. மற்ற நிலையங்களுக்குச் சுமையாகத் தோன்றுகிற அந்த விதி இந்தக் கரைக்கு வரம். கொக்கிலமேட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வழியாக உய்யாலிகுப்பம் வரையுள்ள குப்பங்களுக்கு அப்படி ஒரு நிலையம் அமைந்தால், காலையில் காற்றும் அலையும் எப்படி என்ற அறிவிப்பு, அன்றைய மீன் விலை, அதன் பின்னால் அம்பா தெரிந்த மிச்சமிருக்கும் பெரியவர்களின் குரல், மாசியில் இருளர் பாட்டு, பங்குனியில் பாரதக் கூத்திலிருந்து ஒரு மணி நேரம், இரவு கானா என்று எல்லாம் ஒலிக்கும். கல்பாக்கத்தில் ஒலிப்பதிவும் மின்னணுவியலும் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

அதோடு ஆகாசவாணியிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி நிலையங்கள் பல பத்தாண்டுகளாகக் கிராமியப் பாடகர்களை அழைத்துப் பதிவு செய்தன. பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. மக்கள் பணத்தில் எடுத்த அந்தப் பதிவுகளை, பாடியவர் பெயரும் ஊரும் பதிவு செய்த ஆண்டும் சேர்த்து, எந்தச் சமுதாய வானொலியும் கட்டணமின்றி ஒலிபரப்பும்படி திறந்துவிட வேண்டும். நாடாக்கள் பூஞ்சை பிடிப்பதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. எந்தெந்த நாடா எந்த நிலையத்தில் இருக்கிறது என்ற பட்டியலை வெளியிடுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.